ராஜாவின் மேஜையும் நீல மாத்திரையும்



தானியேல் முதலாம் அதிகாரத்தை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். பாபிலோன் ராஜா அழகான வாலிபர்களைப் பொறுக்கியெடுத்து, தன் மேஜையின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் கொடுத்து மூன்று வருஷம் வளர்க்கச் சொன்னான். பிள்ளைகள்மேல் பாசமா? இல்லவே இல்லை. தன் அரண்மனையின் மகிமைக்காக!

நம்முடைய காலத்திலும் அப்படி ஒரு ராஜமேஜை இருந்தது. கிழக்கு ஜெர்மனி என்கிற சின்ன தேசம். ஜனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம். ஆனாலும் 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நீச்சல் போட்டிகள் 13-ல் 11 தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். உலகமே மூக்கின்மேல் விரலை வைத்தது.

ரகசியம் 1989-ல் பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் முழுசா வெளியே வந்தது. 1974-ல் அந்த அரசாங்கமே ரகசியத் திட்டம் போட்டு, விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அனபாலிக் ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறது. ஆண்களின் சரீரத்தில் இயற்கையாய்ச் சுரக்கிற ஹார்மோனைப் போல, சதையை வளர்க்கச் செய்யப்பட்ட மருந்து அது. ஓரல் டூரினபோல் என்று பெயர், நீல நிற மாத்திரை. சுமார் 10,000 பேர் வாங்கியிருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "வைட்டமின்" என்று சொல்லியே கொடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்குக் குரல் கட்டையானது, முகத்தில் ரோமம் முளைத்தது. ஈரலும் இருதயமும் கெட்டவர்கள் உண்டு. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டைக் குற்றவாளி என்று தீர்த்தது. தண்டனை 22 மாதம். அதையும் நிறுத்திவைத்தார்கள், ஜெயிலுக்குப் போகவில்லை!

தானியேலுக்குத் தன் தட்டில் இருந்தது என்னவென்று தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அதுகூட இல்லையே. நம்பின கையே கொடுத்தது. பத்து வருஷமாக ஊழியம் செய்கிற எனக்கு அந்த இடத்தில்தான் குத்தியது.

ஏனென்றால், போன வருஷம் நம்ம சபைத் தம்பி ஒருவர் ஆணழகன் போட்டியில் கப் வாங்கிக்கொண்டு வந்தார். நான் மேடைக்குக் கூப்பிட்டு, கைதட்டி, அல்லேலூயா சொன்னேன். மூன்றே மாதத்தில் அந்த உடம்பு எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. பிறகு ஒரு ராத்திரி அவரே வந்து அழுதார். "பாஸ்டர், ஜிம் மாஸ்டர் ஊசி போட்டாரு. என்ன ஊசின்னு நான் கேக்கல." கேட்காதது அவர் மட்டுமா? 1 கொரிந்தியர் 6:19-ஐ வாலிபர் கூட்டத்தில் மனப்பாடம் பண்ணவைத்தவன் நான்!

ஒன்று சொல்லவேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் டாக்டர் எழுதுகிற ஸ்டீராய்டு வேறே. அதைப் பிரசங்கம் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதிருங்கள், தயவுசெய்து. அதேபோல இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களும் சும்மா விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். விட்டபின் சோர்வும் மனக்கசப்பும் அழுத்தும், டாக்டரைப் பார்க்கவேண்டும்.

தம்பியை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அவருடைய அம்மா தினமும் போன் பண்ணுகிறார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர்களும் வருகிறார்கள். நீங்களும் வாருங்கள்.