வாசலில் வேப்பிலை

முன்பெல்லாம் ஒரு வீட்டில் தட்டம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி யாராவது வந்தால், 'அம்மா வந்திருக்கா, உள்ளே வராதேடி' என்று பாட்டிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வைரஸ் பற்றித் தெரியாத காலத்து ஏற்பாடு. ஆனாலும் அதில் அடுத்த வீட்டு வயிற்றைப் பற்றிய கவலை இருந்தது.

ஒரு சிக்கல். தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும். இருமியவர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அறைக் காற்றில் இருக்கும். வேப்பிலை செருகுமுன் காரியம் முடிந்துவிடும்.

கர்ப்பிணிக்கு வந்தால்? ரூபெல்லா மாதிரி இது குழந்தையின் கண், காது, இதயத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை (இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்). ஆனால் தாய்க்கு நிமோனியா வரலாம், கரு கலையலாம், குறைப்பிரசவம் ஆகலாம். தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு இறங்குகிறது. குறைமாதக் குழந்தை, கட்டுச்சாதம் கட்டி முடிப்பதற்குள் ரயிலேறிவிட்ட பயணி. இங்கே தாயிடமே கட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கே வந்திருக்காதே!

தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதால் கர்ப்பிணிக்குப் போடமாட்டார்கள். குழந்தைக்கு நம் ஊரில் 9 மாதம் ஆகவேண்டும். ஆக, இந்த இருவரையும் காப்பாற்றுவது சுற்றியிருக்கிற நாம்தான். நூற்றுக்கு 95 பேராவது போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

'என் பிள்ளை, என் இஷ்டம்' என்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்தால் கண்விழிப்பது நீங்கள்தான், ஊர் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை லிஃப்ட்டில் இருமினால், அந்தக் காற்றும் உங்கள் இஷ்டத்தில் சேர்த்தியா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயது வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நானும் ஒன்றை இரண்டு பேருக்குத் தள்ளிவிட்டேன். ஒருவர் அன்று பையனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அதனால் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா? தெரியாது. இனிமேல் தெரியவும் வராது. ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால் நான் செய்தது சரியாகிவிடுமா என்பதுதான் சில நாளாக உறுத்துகிறது.

போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். "பையனுக்கு அப்புறமாவது போட்டீங்களா?"

"விட்டுப்போச்சு சார்."

"இப்பவும் போடலாம். போட்டுடுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப அந்த மெசேஜ் நீங்கதானே சார் அனுப்பினீங்க?" என்றார்.