தீவுக்குச் செல்லுமுன் படிக்க ஒரு நூல்

விடுமுறைக்குத் தீவொன்றுக்குப் புறப்படுவோரின் பெட்டியில் பெரும்பாலும் இடம்பெறுவது துப்பறியும் நாவலே. ஓய்வை நாடிச் செல்பவரிடம் கனமான நூலைத் திணித்தல் முறையன்று என்பர். அதில் நியாயம் உண்டு. ஆண்டெல்லாம் விடைத்தாள் திருத்திய ஆசிரியருக்கு அவ்வுரிமையை யார் மறுப்பார்?

ஆயினும் பினாங்குக் கரையை அடுத்துள்ள ஜெரெஜாக் தீவை எண்ணும்போது மனம் தடுமாறுகிறது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர், தோட்டங்களுக்கு அனுப்பப்படுமுன், தொற்றுநோய்க்கு அஞ்சித் தனிமைப்படுத்தப்பட்ட இடம் அது. தொழுநோயாளர் குடியிருப்பும் அங்கிருந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவு. உல்லாச விடுதி எழுந்தது அதன் பின்னரே. அந்த மண்ணில் சாய்ந்து அமர்ந்து எதைப் படிப்பது?

தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் படித்தே தீரவேண்டும் என்று நான் விதிக்கமாட்டேன். கடமைக்குப் புரட்டும் பக்கம் முன்னோர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. தேர்வுக்குப் படிக்கும் மாணவரைக் கேட்டால் சொல்வார். ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே, நம் கண் அங்கே எதைக் காணும் என்பதையும் பாதி தீர்மானித்து விடுகிறோம். ஒன்றும் அறியாதவனுக்கு இடிந்த சுவர் நிழற்படத்துக்கு வாய்த்த பின்னணி. அறிந்தவனுக்கோ, அது தன் பாட்டன் ஊர் நினைவோடு உறங்காது கிடந்த கூடமாகவும் இருக்கலாம்.

ஆகவே வரலாற்று நூலைப் படகேறுமுன் வீட்டிலேயே படித்து முடிப்பேன். பெட்டியில் நாவல்தான் வரும். அங்கே அது எத்தனை பக்கம் நகரும் என்பது வேறு செய்தி.