துயரப் பாட்டும் பள்ளிப் பிள்ளையும்

துன்பத்தில் பிறந்த பாடலைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தருதல் அறமாகுமோ? அமெரிக்கத் தென்பகுதியில், அடிமைத்தளையில் உழன்ற கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்த இசை புளூஸ். ஓரடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாமடியால் விடையிறுத்தல் அதன் பரவலான அமைப்பு. திருப்பிக் கூறலும் தாளமும் இளம்பிள்ளைகளின் நாவுக்கு எளியவை; ஆதலின் ஆசிரியர்க்கு அது நற்கருவி.

ஆயின், வடிவை மட்டும் கொண்டு, அதனை ஈன்ற வலியை மறைத்தல் நன்றி மறத்தல் அன்றோ? அவ்வலி முழுவதையும் பிஞ்சு நெஞ்சில் ஏற்றுதலும் முறையன்று.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி அருகிலேயே உள்ளது. 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பின்னர் மலாயாவெங்கும் தோட்டங்கள் பரவின. இன்று அடுக்குமாடிகள் நிறைந்த செங்காங்கும் ஒருகாலத்தில் ரப்பர் விளைந்த நிலமே. மலாயாவில் பால்மரம் சீவிய தமிழர் தம் ஏக்கத்தைப் பாட்டாக்கினர். இலங்கை மலையகத் தொழிலாளர் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்தார்.

செங்காங் வகுப்பறையில் ஒரு பிள்ளை, தொலைந்த பென்சிலைப் பற்றி மூன்றடி கட்டிப் பாடட்டும். பாடி முடித்தபின், இவ்வாறே தம் பெருந்துயரைப் பாடி ஆறியோர் இம்மண்ணிலும் இருந்தனர் என ஆசிரியர் உரைக்கட்டும். தன் சிறுதுயருக்குச் சொல் கண்ட நெஞ்சு பிறர் துயருக்குச் செவிசாய்க்கும். பிறர் நோயைத் தன் நோயாகக் கருதாத அறிவால் பயனில்லை என்பதன்றோ வள்ளுவர் கருத்து?