யார் விட்டால் கடன் தீரும்?

தாய் தகப்பன் பட்ட கடனை ஆண்பிள்ளைகள் தீர்க்கவேண்டும், கையில் அப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் பொறுப்பு நீங்காது என்று 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை சொல்கிறது. அச்சுவேலியில் என்னை வளர்த்த அம்மம்மாவுக்கு இதில் கடுமை எதுவும் தெரிந்ததில்லை.

1995 இல் அம்மப்பா வெங்காயத்துக்காக அயலவர் ஒருவரிடம் கைமாற்று வாங்கியிருந்தார். ஒக்டோபர் முடிவில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது, தோட்டம் அழிந்தது. அயலவர் பின்னர் கனடா போய்ச் சேர்ந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அம்மப்பா கண்ணை மூடிய பிறகு ஒருநாள் அவர் தொலைபேசியில், “அதை விடுங்கோ மாமி” என்றார். “நீர் விட்டாலும் அது என்னை விடாது, தம்பி” என்றார் அம்மம்மா. சங்கிலியை விற்று, ஆவரங்காலில் இருந்த அந்த அயலவருடைய தங்கையின் கையில் காசை எண்ணிக் கொடுத்தார்.

சட்டத்தரணியான நான் இப்போது முதுமாணிக்குப் படிப்பது எல்லை கடந்த வங்குரோத்துச் சட்டம். ஒரு நாட்டுச் சட்டத்தின் கீழ் பட்ட கடனை இன்னொரு நாட்டுச் சட்டம் நீக்கலாமா என்பதுதான் அதன் அடிவேர்க் கேள்வி. 1890 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் கிப்ஸ் வழக்கில், முடியாது என்றது. பிரெஞ்சுக் கம்பனி ஒன்று லண்டனில் செம்பு வாங்க ஒப்பந்தம் செய்துவிட்டு முறிந்துபோனது. பிரான்சின் சட்டப்படி பொறுப்பு நீங்கிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. ஆங்கிலச் சட்டத்தின் கீழ் பிறந்த கடனை ஆங்கிலச் சட்டமே நீக்கவேண்டும் என்பது தீர்ப்பு; 2018 இல் அஸர்பைஜான் வங்கி வழக்கிலும் அதே விதி நின்றது. இதற்கிடையில், 1997 இல் ஐக்கிய நாடுகளின் மாதிரிச் சட்டம், ஒரு நாட்டின் முறிவு நடவடிக்கையை மற்ற நாட்டு நீதிமன்றங்கள் அங்கீகரித்து ஒத்துழைக்க வழிசெய்திருந்தது.

அம்மம்மாவோ கிப்ஸ் விதியையும் தாண்டிப் போகிறார். கடன் கொடுத்தவரே விட்டாலும் தீராது என்றால், வேறு யார் விடுவது?

அவர் சமய தீட்சை பெற்றவர். விடியற்காலையில் கிணற்றடியில் குளித்து, திருநீறு குழைத்துப் பூசி, அனுட்டானம் முடியாமல் தேத்தண்ணி தொடமாட்டார். அவருடைய பதில் சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. வினை மூன்று. பிறவிகள்தோறும் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், குரு அருளும் நிருவாண தீட்சையில் அழியும். இந்த உடம்போடு வந்த பிராரத்தத்தை அனுபவித்தே தீர்க்கவேண்டும். இனிச் செய்வதால் வரும் ஆகாமியம், ஞானம் பெற்றவரைப் பற்றாது. இதைப் படித்துவிட்டு முறிவுச் சட்டத்துக்கு வந்தால் ஒரே வீட்டில் நிற்பதுபோல் இருக்கிறது: பழைய கடன் நீதிமன்றக் கட்டளையால் நீங்கும், கையில் உள்ள சொத்து பங்கிடப்படும், அந்த இழப்பைப் பட்டே ஆகவேண்டும், அதற்குப் பிறகு உழைப்பது முறிந்தவருடையது.

ஆனால் ஓரிடத்தில் இரண்டும் பிரிகின்றன. இறைவன் அருளால் வினை அழியும்போது எவருடைய கையிருப்பும் குறைவதில்லை. நீதிமன்றம் கடனை நீக்கும்போது யாரோ ஒருவருடைய வீட்டில் குறைகிறது. சீட்டுக் காசைக் கொடுத்த விதவையாகவும் அவர் இருக்கலாம். ஆகவே சட்டம் தன்னை அருள் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. கடன் கொடுத்த எல்லோரையும் கூப்பிட்டு, கேட்டு, இழப்பை அளவுப்படி பங்கிட்டால்தான் அது நீதி.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்கள் பலவற்றைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. நாடுகளுக்கு முறிவு நீதிமன்றம் இல்லை. அப்படியிருந்தும் பேசுவதற்கு இடம் கிடைத்தது: ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் கடன்கொடுத்த நாடுகளின் குழு அமர்ந்தது, 2024 டிசம்பரில் சுமார் 1,255 கோடி டொலர் பிணைமுறிகள் புதியவற்றுக்கு மாற்றப்பட்டன. வடக்கில் நுண்கடன் எடுத்த பெண்ணுக்கு அப்படி ஒரு மேசை இல்லை. வாராவாரம் தவணைக்காரர் படலையில் வந்து நின்றார். அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்தவர்களும் உண்டு. பட்ட கடனைத் தீர்ப்பதே தர்மம் என்று அம்மம்மா தனக்குச் சொல்லிக்கொண்டதை நான் வணங்குகிறேன். அதையே படலையில் நிற்பவர் சொன்னால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

தனிநபர் முறிவுக்கு இலங்கையில் இருப்பது 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதற்குப் பதிலாக, தோட்டக்காரரும் தையல்காரியும் வழக்குச் செலவுக்கு இன்னொரு கடன் படாமல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய ஒரு சட்டம் வேண்டும் என்றே என் ஆய்வேட்டில் வாதிடுகிறேன். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும், கடன் கொடுத்தவருக்கும் அறிவித்தல் போகவேண்டும், அவர் சொல்வதையும் நீதிபதி கேட்கவேண்டும் என்று அதில் ஒரு பிரிவு எழுதியிருக்கிறேன்.