பானகமும் பாத்திரமும்

சித்திரை மாதத்துத் திண்டுக்கல் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அனுபவித்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஊரை ஒட்டி நிற்கும் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அதை நமக்கே திருப்பித் தருகிறது. ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் கொடைக்கானல் மலையும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி தொண்டைக்கு எட்டுவதில்லை.

சென்ற ஆண்டு இந்த வெயிலில் என் சகோதரியின் மகன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தான். வருகிறவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்று பேச்சு வந்தது. புட்டிகளில் வரும் குளிர்பானத்தை வாங்கி அடுக்கிவிடலாம் என்றான் அவன்.

“பானகம் செய்யலாமே” என்றேன்.

“வெறும் பானகமா, மாமா?” என்று கேட்டான். அந்த ‘வெறும்’ என்ற சொல் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. “பொறுப்பை என்னிடம் விடு, குடித்துவிட்டுச் சொல்” என்று ஏற்றுக்கொண்டேன். வயதானவர்களுக்கு விசேஷ வீடுகளில் வேலை கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் விடக்கூடாது.

பானகம் செய்வது பெரிய வித்தை அல்ல. வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். கரைந்த பின் துணியில் வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இல்லாமல் இராது. சிலர் புளி கரைத்து விடுவார்கள். நான் எலுமிச்சை பிழிகிறவன். பிறகு சுக்கு, ஏலக்காய், இரண்டு சிட்டிகை உப்பு. என் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம். அதற்கு மேல் போகமாட்டேன். இதோடு எங்கள் பக்கத்துப் பன்னீர்த் திராட்சையும் சேர்த்தேன். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, சின்னாளப்பட்டிப் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிற கறுப்புத் திராட்சை அது. கையால் பிசைந்து பிழிய வேண்டும். மின்சார இயந்திரத்தில் போட்டு அரைத்தால் விதை நொறுங்கிக் கசப்பு இறங்கிவிடும். பனிக்கட்டி வேண்டாம், புது மண்பானை போதும். பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருப்பதன் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சென்னையின் கடற்கரைப் புழுக்கத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. எங்கள் ஊர் வறண்ட காற்றில் பானை ஜில்லென்று ஆகிவிடும். வறட்சிக்கும் ஒரு உபகாரம் உண்டு பாருங்கள்!

பானகம் நன்றாகவே அமைந்தது. வந்தவர்கள் இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நான் பெருமையோடு பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். தண்ணீர் லாரி வந்து வாசலில் நின்றது. எங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் புதிதல்ல. ஆத்தூர் நீர்த்தேக்கம் வற்றினால் நகரத்தின் முகம் வாடிவிடும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. ஆகவே விசேஷம் என்றால் லாரி வராமல் முடியாது. லாரியிலிருந்து இரண்டு பேர் இறங்கிக் குழாயை இழுத்து மாட்டினார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க தம்பி, பானகம் குடிங்க” என்று அழைத்தேன்.

என் முன்னால் தட்டில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளர்கள் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. நாற்காலிக்குக் கீழே யாரோ வாங்கி வைத்த காகிதக் கோப்பைக் கட்டு ஒன்று பிரிக்காமல் கிடந்தது. நான் குனிந்தேன். கட்டைப் பிரித்தேன். இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்து ஊற்றி நீட்டினேன்.

அவர்களில் மூத்தவர் ஒரு கணம் தம்ளர்த் தட்டைப் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு, “நல்லாயிருக்குங்க ஐயா” என்றார். அந்த ஒரு கணம்தான், வாசகர்களே, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஏனென்றால் அந்தப் பார்வையை நான் முன்பே ஒரு முறை கண்டிருக்கிறேன்.

1958-ஆம் ஆண்டு என்று நினைவு. நான் சிறுவன். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் எங்கள் அப்பத்தா ஒவ்வொரு சித்திரையிலும் தண்ணீர்ப் பந்தல் வைப்பாள். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். தென்னங்கீற்றுப் பந்தல், மணல் பரப்பி அதில் புதைத்த பானைகள், ஒன்றில் நீர்மோர், ஒன்றில் பானகம். அப்பத்தா காலையிலிருந்து மாலை வரை நின்றபடியே ஊற்றுவாள். கால் வீங்கும், உட்காரமாட்டாள். சிலருக்குப் பித்தளைத் தம்ளரில் கொடுப்பாள். சிலர் பந்தலுக்கு வெளியே, வெயிலில், சற்றுக் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து வாயோடு வைத்து நிற்பார்கள். அவர்களுக்கு உயரத்திலிருந்து ஊற்றுவாள்.

என் வயதுப் பையன் ஒருவன் அப்படி வந்து நின்றான். சின்னக் கை. பாதி பானகம் விரலிடுக்கில் ஒழுகி முழங்கை வழியாக மண்ணில் சொட்டியது. குடித்து முடித்ததும் தம்ளர்களை ஒரு கணம் பார்த்தான். பிறகு கையை நக்கிக்கொண்டே ஓடிவிட்டான்.

“அவனுக்கு ஏன் தம்ளர் இல்ல, அப்பத்தா?” என்று கேட்டேன்.

அப்பத்தா கோபிக்கவில்லை. “குடுக்கிறது புண்ணியம்டா. எதுல குடுக்கிறோங்கிறது வழக்கம்” என்றாள்.

தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அரசியல் சாசனம் 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது என்று எழுதியும் வைத்துவிட்டது. அந்தச் செய்தி நத்தம் சாலையில் இருந்த எங்கள் பந்தலுக்கு வந்து சேரவில்லை. சட்டம் தபால் வண்டியில் வருகிறது; வழக்கமோ இரத்தத்தில் வருகிறது.

அப்பத்தாவின் பதிலைப் பல ஆண்டுகள் நான் மனத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியுமா? அந்தப் பையனின் தாகம் தீர்ந்தது உண்மை. அப்பத்தாவின் கால் வீங்கியதும் உண்மை. ஊரில் எத்தனையோ பேர் திண்ணையில் விசிறிக்கொண்டு படுத்திருந்தபோது அவள் நின்றாள். அவள் செய்ததைச் சூனியம் என்று தள்ளுகிறவன், தானும் ஒரு பந்தல் போட்டுவிட்டுப் பேச வேண்டும்.

இருந்தாலும் கணக்கு அங்கே முடிந்துவிடுவதில்லை. தாகத்தைப் போல் மானமும் மனிதனுக்கு ஒரு தேவை. ஒன்றைத் தீர்ப்பதற்காக இன்னொன்றைப் பறித்துக்கொண்டால், கொடுத்தது தானமா, பண்டமாற்றா? ‘என் பானகத்தை வாங்கிக்கொள், உன் மதிப்பை இங்கே வைத்துவிட்டுப் போ’ என்று வாயால் சொல்லவில்லை, பாத்திரம் சொல்லிவிட்டது. கொடுப்பதும் கொடுக்கும் விதமும் இரண்டு காரியங்கள் என்று அப்பத்தா நினைத்தாள். வாங்குகிறவனுக்கு அவை ஒன்றுதான்.

மஹாத் என்ற ஊரின் கதையை நினைத்துப் பாருங்கள். பொது இடங்களின் தண்ணீர் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியது என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானம் செய்தது. அந்த ஊர் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் ஒருவரும் இறங்கிக் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்! வழக்கு நடந்து, உயர் நீதிமன்றத்தில் தீர 1937 ஆயிற்று. ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டு வழக்கு. தாகம் மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால் வேறு கிணறு தேடியிருக்கலாமே! அன்று அவர்கள் குடித்தது தண்ணீரை மட்டும் அல்ல.

“அதெல்லாம் பழங்கதை. நீங்கள் காகிதக் கோப்பை கொடுத்தது சுகாதாரத்துக்காக, லாரி அவசரமாகப் போக வேண்டும், அதற்காக” என்று என் மருமகன் எனக்காக வாதாடினான். அன்று இரவு நானும் எனக்குள் இதே வாதத்தைச் செய்து பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. சுகாதாரம் என்றால் சம்பந்தி வீட்டாருக்கும் காகிதக் கோப்பை கொடுத்திருக்க வேண்டும். அவசரம் என்றால், காரை அணைக்காமலே வாசலில் நின்று குடித்துவிட்டுப் போன வங்கி அதிகாரிக்கும் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு என் கை தம்ளரை எடுத்தது. ஒரு விதி உண்மையில் விதியா, அல்லது வெறும் சாக்கா என்று அறிய எளிய சோதனை உண்டு: அது எல்லோருக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் நான் தோற்றேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் என்ன சாதி என்று எனக்குத் தெரியவும் தெரியாது. கை தானாகக் கீழே போயிற்று. அப்பத்தாவின் கை!

மாலையில் நண்பர்கள் சிலர் வந்தபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. “இந்தக் காலத்தில் சாதி பார்க்காத இடம் மதுக்கடைதான், அங்கே எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள்” என்றார் ஒருவர். 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, மறுபடி இறுகியது, மறுபடி தளர்ந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளையே அரசு நடத்தத் தொடங்கியது. இந்த வரலாறெல்லாம் இருக்கட்டும். நண்பர் சொன்னதை நான் யோசித்தேன். போதையில் தோள்மேல் கை போடுகிற சமத்துவம் விடியும்வரைதான் இருக்கிறது. காலையில் தெளிந்ததும் அவரவர் தெரு, அவரவர் தம்ளர். தெளிந்த புத்தியோடு, பட்டப் பகலில், சொந்த வீட்டு வாசலில் கொடுக்கிற ஒரு தம்ளர் பானகம் அதைவிடக் கடினமான காரியம். ‘வெறும் பானகம்’ என்று என் மருமகன் சொன்னானே, அது அவ்வளவு வெறுமையானது அல்ல.

பானகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைச் சேர்த்து வைக்க முடியாது. திராட்சைச் சாற்றைப் பானையில் அப்படியே விட்டால், பழத்தின் தோலில் உள்ள நுண்ணுயிரே அதைப் புளிக்க வைத்துப் போதைப் பொருளாக்கத் தொடங்கிவிடும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே, வருகிறவர்களுக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பத்தா வெல்லத்தை அள்ளிப் போடுவாள். ‘அந்த வீட்டுப் பானகம்’ என்று ஊர் பேச வேண்டும் அவளுக்கு. 1971-இல் வங்கப் போரின்போது, பன்காவ் என்ற எல்லையோர ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் உப்புநீர் தீரும் நிலை. திலீப் மகாலநாபிஸ் என்ற மருத்துவர் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் வைத்து எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்தார். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அளவான சர்க்கரை, உப்பையும் தண்ணீரையும் குடலிலிருந்து உடலுக்குள் கொண்டுபோகிறது. அளவு மிஞ்சினால் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே இழுத்து நிறுத்திவிடுகிறது. அதிகமாக இனித்தால் தாகம் தீராது. தானத்திலும் அப்படித்தான். கொடுப்பவனின் பெருமை கூடக் கூட, வாங்குகிறவனின் தாகம் தீராமல் நிற்கிறது.

பாத்திரம் அறிந்து பிச்சையிட வேண்டும் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. வாங்குகிறவன் தகுதியைப் பார் என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியும் ஒரு பாத்திரம்தான். அதில் ஆதிரை முதல் பிச்சை இட்டாள். அதற்குப் பிறகு அது பசித்தவர்களுக்கெல்லாம் சுரந்துகொண்டே இருந்தது. தகுதி என்று அது கேட்டதெல்லாம் பசி ஒன்றைத்தான். அந்தக் கதையில் பாத்திரம் வாங்குகிறவரிடம் இல்லை. கொடுக்கிறவள் கையில் இருக்கிறது. அறிய வேண்டிய பாத்திரம் அதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் இரண்டாவது லாரி வந்தது. அதே இரண்டு பேர். பானையில் அடியில் கொஞ்சம் இருந்தது. இம்முறை தம்ளரில் ஊற்றி நீட்டினேன். மூத்தவர் தயங்கினார், வாங்கினார், உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அண்ணாந்து குடிப்பது நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் அன்று பகலெல்லாம் எங்கள் வீட்டு விருந்தாளிகளில் ஒருவர்கூடத் தம்ளரைக் கழுவித் தரவில்லை.

கழுவிய தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். அடுத்த பானகத்துக்கு ஒரே மாதிரித் தம்ளர் ஐம்பது வாங்க வேண்டும். என் கையை நம்பிப் பயனில்லை.