கடலுக்கு என்ன கடமை?

கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே போனால் திருவண்ணாமலை, கிழக்கே போனால் செஞ்சிக் குன்றுகள். நடுவில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும். பக்கத்தில் எங்கும் கடல் கிடையாது. ஆனால் மலையில் முளைத்த காட்டுச் செடிக்கு அந்த இரண்டும் தீவுகள்தான்.

தீவில் அகப்பட்ட செடி என்ன ஆகும்? கனடாவின் மேற்குக் கரையோரச் சிறு தீவுகளில் மார்ட்டின் கோடி, ஜேக்கப் ஓவர்ட்டன் இருவரும் பஞ்சு விதைகளை அளந்தார்கள். 1996இல் வந்த அவர்களது ஆய்வின்படி, புதிதாகத் தீவில் வந்து சேர்ந்த செடியின் விதை நன்றாகப் பறக்கிறது. சில தலைமுறைகளிலேயே அந்தத் திறன் குறைகிறது. பறந்த விதையெல்லாம் கடலோடு போச்சு; பறக்கத் தெரியாதது மண்ணில் விழுந்து, தன்னைப் போன்றதையே பெற்றது.

கடல் என்றால் உப்புத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டுமா? பிரான்சின் மான்பெல்லியே நகரில், நடைபாதை மரங்களைச் சுற்றி விட்ட மண்ணில் க்ரெபிஸ் சாங்க்டா என்ற மஞ்சள் பூச்செடி வளர்கிறது. பஞ்சோடு பறக்கும் விதை, கனத்துக் காலடியில் விழும் விதை என இரண்டையும் தருவது அது. பறக்கும் விதை சொந்த மண்ணில் விழும் வாய்ப்பு 55 சதவீதம் குறைவு. தவறியது சிமெண்டில் விழும். நகரத்துச் செடிகள் கனமான விதைகளையே கூடுதலாகத் தருகின்றன, இந்த மாற்றத்துக்கு 5 முதல் 12 தலைமுறை போதும் என்றது 2008இல் வந்த ஆய்வு.

நம் பக்கத்து மலைச்சரிவுகளில் வெட்பாலைக் காய் வெடித்தால் வெள்ளைப் பஞ்சோடு விதை பறக்கும். சரிவிலேயே விழுந்தால் பிழைக்கலாம். கழனியில் விழுந்தால் அதன் பெயர் களை. மரத்தின் தலைமுறை நீளம் என்பதால் மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாது. கணக்கு மட்டும் அதேதான்.

"அதுக்காக களை எடுக்காம இருக்க முடியுமா சார், மல்லாட்டை வெளைய வேணாமா?" என்று ஒரு விவசாயி கேட்டால் அது நியாயம். களைக்கொத்தைப் பிடித்தவர் குற்றவாளி இல்லை. ஆனால் குற்றம் இல்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு. மலைகள் தள்ளி நிற்பதால் மட்டும் தீவாகிவிடவில்லை. நடுவில் நாம் இருப்பதால் ஆனது. இங்கே கடல் நாம்தான்.

பறக்க மறப்பதும் இயற்கைதானே, விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. சாதாரண நாளில் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். கோடையில் மலை பற்றி எரியும்போது? பயணத்தை மறந்த இனத்துக்கு அன்று போக்கிடம் இல்லை.

சரி, செஞ்சி விதையை நாமே எடுத்துவந்து அண்ணாமலையில் தூவலாமா? மொட்டையாகிப்போன சரிவுக்கு அது தேவைப்படலாம். ஆனால் எந்த விதை போகலாம், எது வேண்டாம் என்று அப்போது முடிவு செய்வது நம் கை. அந்த மலை தனக்கென்று பொறுக்கி வைத்த குணங்களை வெளி விதை கலைத்தும் விடலாம். வழியை விடுவது அதைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரிக்கரை, ஓடை ஓரம், அய்யனார் கோயில் தோப்பு — இவற்றில் தானாக முளைத்ததை வெட்டாமல் விட்டால் போதும். யார் போவது, யார் தங்குவது என்பதைக் காற்றும் விதையும் பார்த்துக்கொள்ளும்.