இன்ஷா அல்லாஹ், நாளை!

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் நம்மை நாடி வந்தார். "ஹஜ்ரத், ஐவேளையும் தொழுகிற ஒருவர் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் குற்றமாகுமா?" என்று கேட்டார்.

மகளுக்கென்று வைத்திருந்த நகையை விற்று அவர் புதிய பவர் டில்லர் வாங்கியிருக்கிறார். ஒன்பதாம் நாளே கியர் பாக்ஸில் ஆயில் ஒழுகத் தொடங்கிற்று. மதுரையில் வாங்கிய கடைக்கே ஏற்றிக்கொண்டு போய் விட்டார். வெளியில் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்பதால் ஊர் மெக்கானிக்கிடம் காட்டவும் வழியில்லை. "சாமான் கம்பெனியிலிருந்து வரணும் பாய். இன்ஷா அல்லாஹ், நாளைக்குப் பார்த்துடலாம்" என்றார் கடைக்காரர்.

அந்த நாளை 23 நாட்கள் நீண்டது. பெரியாறு கால்வாயில் முறைத் தண்ணீர் வந்து போயிற்று. நாற்றங்காலில் நாற்று முற்றியது. முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது. கடைசியில் வாடகை டிராக்டர் பிடித்துத் தொளியடித்தார். சொந்த இயந்திரமோ கடையின் பின்கட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.

கஹ்ஃபு அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களில், நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவனின் நாட்டத்தையும் சேர்த்துச் சொல்லுமாறு அல்லாஹுத் தஆலா கற்றுத் தருகிறான். செய்ய வேண்டுமென்ற எண்ணம் உள்ளவன், தன் இயலாமையை ஒப்புக்கொண்டு சொல்லும் சொல் அது. செய்யும் எண்ணமே இல்லாதவன் வந்தவரை வாசலோடு திருப்பியனுப்ப அதைச் சொல்வானேயானால், அவன் யாருடைய பெயரைக் கேடயமாகப் பிடிக்கிறான்? நாமும் நம் வீடுகளில் இப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம் என்பதை மறுப்பதற்கில்லை.

வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. கொடுக்க மாட்டேன் என்று மறுப்பதை மட்டுமல்ல, இழுத்தடிப்பதையே அநீதம் என்கிறார்கள். அந்த ஹதீஸ் கடனைப் பற்றியதுதான். ஆனால் முழு விலையையும் வாங்கிக்கொண்டு, ஓராண்டுக்குள் பழுது வந்தால் நானே பார்த்துத் தருகிறேன் என்று முத்திரை வைத்துக் கொடுத்த அட்டை கடன் பத்திரமில்லாமல் வேறென்ன? ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

கடைக்காரர் பக்கத்திலும் சங்கடம் இல்லாமலில்லை. வாரண்டி வேலைக்குக் கூலி கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். பழைய சாமானைத் திருப்பியனுப்பி, கணக்கெழுதிக் காத்திருக்க வேண்டும். கைக்காசு கொடுப்பவன் வண்டி முன்னால் போவதும், வாரண்டி வண்டி பின்னால் தள்ளப்படுவதும் இதனால்தான். காரணம் புரிகிறது, நியாயம் ஆகிவிடாது. சாமான் வர மூன்று வாரமாகும் என்று முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் நாற்று முற்றுமுன் வேறு ஏற்பாடு செய்திருப்பார். தம் பங்காளி குறையைச் சொல்லாமல் துணி விற்றுவிட்டார் என்றறிந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், கிடைத்த பணத்தைத் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. அவர்களும் கடை வைத்திருந்தவர்கள்தாம்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஆயில் ஊற்றாமல் ஓட்டிவிட்டு வாரண்டி கேட்பது பொய். பட்டறைப் பையனைத் திட்டுவது வீரமல்ல. குறையுள்ள பொருளைத் திருப்பும் உரிமை ஷரீஅத்தில் உண்டு. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்ததும் தாமதிக்கக் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் தாமதத்தால் மட்டும் உரிமை போகாது. தெரிந்த பின்னும் பயன்படுத்திக் கொண்டிருந்தால் சம்மதமாகக் கருதப்படும். மதுரை வட்டாரத்தில் இரு மத்ஹபினரும் வாழ்வதால் இதைச் சொல்கிறோம். திருமறையின் மிக நீண்ட வசனமான பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வதற்காகவே அருளப்பட்டது. நம்மவரோ வண்டியை விட்ட அன்று ஜாப் கார்டு கூட வாங்கவில்லை!

இனி அவருடைய கேள்வி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒட்டகக் கடனைக் கேட்டு வந்தவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர்மீது பாயப் போனபோது, விட்டுவிடுங்கள், உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்து, அதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். நபியிடமே உரிமை கேட்கலாமென்றால், தொழுகையாளிக் கடைக்காரரிடம் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

முதலில் மஹல்லாப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், எழுத்தில் தேதி கேளுங்கள் என்றோம். மசியாவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் இயந்திரமென்பதால் அவரும் நுகர்வோரே. 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணிலும் முறையிடலாம்.

மறுநாள் காலை பெரியவர்கள் இருவரோடு அவர் மதுரைக்குப் பஸ் ஏறினார். கையில் பில், வாரண்டி அட்டை, 23 நாட்களையும் தேதிவாரியாக எழுதிய ஒரு 40 பக்க நோட்டு.